முழங்கை படக்கூடாத மேசை

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மூன்று மடிப்பு மடித்து, மடிப்பை ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்கிறார் லிஃப்ட்காரர். பிறகு மற்றவர்களின் கைகளைச் சோதிக்கிறார். பல் டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட வேண்டும். லிஃப்ட்காரரின் மனைவி வளையலை மேலே தள்ளிக்கொள்ள வேண்டும். காப்பிக் கோப்பைகளுக்கு ஜன்னலோரம் தனி ஸ்டூல். "கண்ணாடிக்கு விரலும் ஒண்ணுதான், முழங்கையும் ஒண்ணுதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க." ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இந்த வசனம் தவறாமல் வரும்.

மற்ற ஆறு நாளும் அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மூடுகிற கதவுக்கு நடுவில் கை நீட்டினால் அது ஏன் திறந்துகொள்கிறது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அரை மணி நேரத்துக்கு விடமாட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் குறுக்கே ஓடுகின்றன, கை அவற்றை மறிக்கிறது, அவ்வளவுதான். அதே சூட்சுமத்தில், பழைய டிவி ஒன்றைப் படுக்க வைத்து, மேலே கண்ணாடியும் சுற்றிலும் ஒளிச்சட்டமும் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமைக் கதை விளையாட்டுக்காக இந்தத் தொடுதிரை மேசையைச் செய்தார்.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். அதன்மேல் கன்னங்கரேலென்று இருட்டு. ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு விரலுயரப் பொம்மை; அதைக் கண்ணாடியில் வைத்தால் சுற்றி ஓர் ஒளி வளையம் விழும். பொம்மை ஒரு கட்டத்தில் காலை வைத்த பிறகுதான் லிஃப்ட்காரர் அங்கே விரலால் இருட்டைத் துடைப்பார். கதை அவருடையது. அதற்குள் திருடியாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து பேசுவதும் சண்டை போடுவதும் மற்றவர்கள் பாடு.

முன்பெல்லாம் வெறும் மரமேசைதான். ஓர் அட்டையை நிறுத்தி, அதன் பின்னால் பகடை உருட்டி, விழுந்த எண்ணை அவரே சொல்வார். "அட்டைக்குப் பின்னால நீங்க என்ன தில்லுமுல்லு பண்றீங்கன்னு யாரு கண்டா?" என்று மனைவியின் தம்பி ஒருநாள் கேட்டுவிட்டான். மனிதருக்குச் சுருக்கென்று தைத்தது. புது மேசை வந்ததும் அட்டை குப்பைக்குப் போனது. இப்போது பகடை திரையிலேயே, எல்லோர் கண்முன்னாலும், முஷ்டி அளவில் உருள்கிறது. செத்தவர் கதை முடியும்வரை ஆட்டத்துக்கு வரக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். அதற்கு முதல் பலி அதே மைத்துனன். கோடரி வீரனாக ஆடியவன், பகடையில் ஒரே ஓர் எண் குறைந்து செத்தான்.

"ஒரு நம்பர்தானே மாமா…"

"மேசை சொல்லிடுச்சு. நான் என்ன பண்றது?"

ஐந்து மாதமாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை. மனைவி அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை, மறந்ததும் இல்லை.

மேசைக்கு எதிர்ப்புறம் உட்காருவது அவருடைய அக்கா. கணவர் போன பிறகு இந்த வீட்டுப் பின்னறைக்கு வந்தவள். சாப்பிட்டாயா என்றால் "ம்". தூங்கினாயா என்றால் அதற்கும் "ம்". வாரம் முழுக்க அதை வைத்தே ஓட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் திருடி பொம்மை கைக்கு வந்தால்தான் வாய் திறக்கும், திறந்தால் மூடாது. காவலாளிகளிடம் பேரம் பேசுவாள். "பல்லைப் பிடுங்கத் தெரியுது, ஒரு பூட்டைப் பிடுங்கத் தெரியலையா?" என்று டாக்டரை வாருவாள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் லிஃப்ட்காரர் மற்ற ஆறு நாளும் கதை ஜோடிக்கிறார். இந்தக் கதை முடிய இன்னும் எட்டு மாதமாவது ஆகும்.

போன ஞாயிறு அவள் நின்ற தாழ்வாரத்தில், மூன்றாவது கட்டத்தில், இருட்டுக்கு அடியில் ஒரு குழி இருந்தது. அவரே வெட்டிய குழி. அதில் விழுந்தவர் பிழைக்கப் பகடைகூடக் கிடையாது. திருடி எப்போதும் கழியால் தரையைத் தட்டித் தட்டித்தான் நடப்பாள், கண்டுபிடித்துவிடுவாள் என்று நம்பித்தான் வெட்டினார். அன்றைக்குப் பேச்சு மும்முரத்தில் அவள் கழியையே மறந்துவிட்டாள்.

"நான்தான் முன்னால போறேன்." பொம்மை ஒரு கட்டம் நகர்ந்தது.

"நல்லா யோசிச்சியாக்கா?"

"திருடிக்கு என்னடா யோசனை? என்னையே பயமுறுத்துறியா?" இன்னொரு கட்டம்.

சொல்லிவிடலாம். சொன்னால், அட்டைக்குப் பின்னால் உருட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மைத்துனனை எந்த முகத்தோடு வெளியே அனுப்பினார்? மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை பின்னறை வாசலில் நின்று கேட்கப்போகிற "ம்" இப்போதே காதில் விழுந்தது. அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அக்கா அடுத்த கட்டத்துக்காகப் பொம்மையைத் தூக்கிவிட்டாள்.

ஸ்டூலில் இருந்த தன் கோப்பையை எடுப்பவர்போல அவர் மேசைக்குக் குறுக்கே சாய்ந்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருடைய முழங்கை கண்ணாடியில் பட்டது. பட்டதோடு நிற்காமல் இழுபட்டது. இருட்டு பட்டையாக அழிந்து, குழி வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது.

"லிஃப்ட்காரரே, முழங்கை!" என்று கத்தினார் பல் டாக்டர். "நல்லவேளை, தப்பிச்சேன்டா!" என்று அக்கா பொம்மையைப் பழைய கட்டத்திலேயே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. கோப்பை எப்போதோ காலி என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்தார். செத்தவர்களைப் போட்டுவைக்கும் தகரப் பெட்டியில் துழாவி, ஐந்து மாதமாகப் படுத்துக்கிடந்த கோடரி வீரனை எடுத்தார். சட்டையில் ஒரு துடை துடைத்து, திருடிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தி, ஒளி வளையம் விழும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.