மருந்து மணக்காத சட்டை

என் கணவர் கந்தப்பளையில் ஒரு தோட்டத்தில் தேயிலைக்கு மருந்து அடிப்பவர். வேலை முடிந்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தால், பீலியில் கொட்டும் மலைத்தண்ணீரில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவேன். கழற்றிப்போட்ட சட்டையின் நாற்றம் வாசல்வரை வரும்.

ஒருநாள் சட்டையில் மருந்து வாடையே இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

“வேலைக்குத்தான் போனீங்களா?”

“போனேன் புள்ள. இது புது மருந்து. சோயா புரதத்துல கண்ணுக்கே தெரியாத கூடு செஞ்சு, அதுக்குள்ள மருந்த அடைச்சிருக்காங்களாம். இலையில ஒட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிய வருமாம். அதான் வாடையே இல்ல. ஆளுக்கும் கெடுதி கம்மியாம்.”

“கறிக்குப் போடுற சோயாமீட்டுல மருந்தா? யாருகிட்ட கத விடுறீங்க?”

எங்கே போனார், யாரோடு இருந்தார் என்றே மனம் ஓடியது. மறுநாள் கொழுந்து பறிக்கப் போகிற வழியில், அவர் வேலை செய்யும் மலைக்கே போய்விட்டேன். முதுகில் மருந்து டாங்கியோடு அடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பாதைவரை வரும் நாற்றம் அன்று வரவில்லை.

“என்னா புள்ள, இப்ப நம்புறியா?” என்று அங்கிருந்தே சிரித்தார்.

வெட்கமாகப் போய்விட்டது. மாலையில் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது வெறும் வியர்வைதான் மணந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வாசனை என்று நான் நினைத்திருந்தது மருந்தின் வாசனை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவரை அதற்குப் பிறகு நான் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகமெல்லாம் இப்போது அந்த மருந்தின் மேல்தான். நாறினால் விலகி நிற்கலாம். மணக்காததை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இன்றைக்கும் வாசலை மறித்துக்கொண்டுதான் சொல்கிறேன்: “மொதல்ல பீலிக்குப் போங்க.”