பொம்மையின் வயிற்றில் ஒரு கை

படிப்பு முடித்த நாளிலிருந்து சிதம்பரத்தில் பிரசவ வார்டே கதியென்று கிடந்த நர்ஸ் அமராவதி, அயர்லாந்து வேலைக்கான பயிற்சிக்குக் கடலூர் வந்திருந்தாள். கட்டிலில் நெஞ்சுவலிக்காரராக ஓர் ஆண் பொம்மை படுத்திருந்தது. பெயர் கேட்டாள், நாடி பார்த்தாள். அப்புறம் அவள் உள்ளங்கை பிரசவ வலி பார்க்கும் வழக்கத்தில் பொம்மையின் வயிற்றில் போய்ப் பதிந்தது.

"அக்கா, இவருக்கு நெஞ்சுவலி. வயித்துல என்னா தேடுறீங்க?" என்றாள் பயிற்சி தரும் சிந்துஜா.

வகுப்பே சிரித்தது. அமராவதிக்குச் சுள்ளென்று வந்தது. "பழக்கம்மா. அங்க போனாலும் பிரசவம்தான பாக்கப் போறேன்?"

"அங்க நர்ஸ் வேற, பிரசவம் பாக்குற மிட்வைஃப் வேறக்கா. நீங்க நர்ஸாத்தான் போறீங்க. பிரசவம் பாக்கணும்னா அதுக்குத் தனியாப் பதிவு வாங்கணும்."

"நம்ம ஊர்ல ரெண்டையும் சேத்துதான பதிவு பண்ணிக் குடுத்தாங்க? ஒரே ஆளை எப்புடிம்மா ரெண்டாப் பிரிப்பாங்க?"

சிந்துஜா பொம்மையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "முதல்லேர்ந்து ஆரம்பிங்கக்கா" என்றாள்.

இத்தனை வருஷமாகக் குழந்தைகளை எடுத்தது நர்ஸ் அமராவதியா, மிட்வைஃப் அமராவதியா என்று புரியாமலே அவள் மறுபடி பெயர் கேட்டாள், நாடி பார்த்தாள். நெஞ்சு, நெஞ்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கை வயிற்றுக்கே போய், அடுத்த வலிக்காகக் காத்திருந்தது.