ஞோமான் மாமாவின் நாற்றமெடுத்த படச்சுருள்

எங்கள் தெருவிலேயே அதிகம் நாறுவது யார் வீடு என்று கேட்டால், பன்றி வளர்ப்பவர்கள்கூட மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஞோமான் மாமாவின் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். காரணம், கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டி. ஓர் ஓட்டல் குப்பையில் வீசிய பழைய படச்சுருள் அதற்குள் கிடந்தது. எவனோ வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் எங்கள் கோயில் திருவிழாவைப் பிடித்த படம். மூடியைத் திறந்தால் வினிகர் நெடி மண்டையில் ஏறும். உள்ளே பூஞ்சை, பல்லி முட்டை.

"ஒண்ணு அது வெளியே போகணும், இல்ல நான் போகணும்" என்பாள் முர்னி அத்தை.

"நீ போனா திரும்பி வந்துருவே. அது வராது."

மாமா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் அம்மா செத்துவிட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்தத் திருவிழாவில் அவள் படையல் சுமந்து போனதாக ஊரில் சொல்வார்கள். அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டவுனில் பழைய படம் ஓட்டுகிற சுதார்மா புரொஜெக்டரோடு வந்தார். "ஒரே ஓட்டம்தான் அண்ணே. அப்புறம் நொறுங்கிடும்."

அன்றைக்குப் பார்த்து எங்கள் தீவில் தும்பெக் லந்தெப், இரும்புக்கெல்லாம் பூசை போடும் நாள். பூசை போடாத எந்திரத்தை மாமா ஓட விடுவாரா? ஓலைத் தட்டில் பூ வைத்து, தீர்த்தம் தெளித்து, அரிசியும் தூவினார்.

"ஐயோ, படத்து மேல ஊத்தாதீங்க!" சுதார்மா கத்தியபோது சுருள் சளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனாலும் ஓடியது. பன்றிக் குடல், சேவல் ரத்தம், வெற்றிலை எச்சில். நடுவே லென்ஸில் சிக்கிய அரிசி, திரை முழுக்கப் புழுவாக நெளிந்தது. முர்னி அத்தை ஓங்கரித்தாள். பிறகு படையல் சுமந்த பெண்கள் வரிசை. கேமரா ஒருத்தியின் முகத்துக்குள்ளேயே நுழைந்தது. அவள் சிரிக்கவில்லை. சாணியை மிதித்தவள் போல மூக்கைச் சுளித்து, மேலுதட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். அவருடைய டூல்ஸ் பெட்டியில் நான் செத்த தவளையைப் போட்டபோது அவர் எனக்குக் காட்டிய அதே மூஞ்சி!

அங்கேயே படம் சிக்கியது. அவள் கன்னத்தில் பழுப்பு ஓட்டை விரிந்தது. குமட்டும் புகை.

"போச்சு அண்ணே, மன்னிச்சிருங்க."

"பரவால்லடா. பாத்தியா, அம்மாவுக்கு அந்தக் கேமராக்காரனப் பிடிக்கல." சொல்லும்போதே புகை ஏறி, மாமா மூக்கைச் சுளித்தார். உதடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

"அசையாதீங்க!" முர்னி அத்தை செல்போனில் எடுத்துவிட்டாள்.

அந்தப் படம்தான் இப்போது பட்டறைச் சுவரில் தொங்குகிறது. மாமா தன் மூஞ்சிக்குத் தானே தினமும் பூ வைக்கிறார். கண்றாவி. பூ வாடிப்போனால் நான்தான் மாற்றித் தொலைக்கிறேன்.