ஆபீசருக்குப் போட்ட ஸ்டூல்

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்தபோது, ஒப்பணக்கார வீதியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் அதை எல்லோரையும்விட உரக்கக் கொண்டாடியவன் நான்தான். டீக்கடையில் நின்றுகொண்டே உரிமையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன்.

ஆனால் அந்தச் சட்டம் உண்மையில் தேவைப்பட்டது, ரவிக்கைத் துணிப் பிரிவில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கு. காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. நடுநடுவே உட்கார முடியாதென்றால் இந்த வேலையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூலூர் பஸ்ஸிலும் அவருக்கு சீட் கிடைப்பதில்லை. "இந்த மாசத்தோட வேலைய உட்டுப்போடலாம்னு இருக்கறனுங்க தம்பி" என்பார்.

முதலாளி சண்டை ஏதும் போடாமல் ஸ்டூல்களை வாங்கிப் போட்டுவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒருவரும் உட்காரவில்லை. கடைக்கு வந்தவர் நிற்க நாம் உட்கார்ந்திருப்பது, எங்கள் ஊர்ப் பக்கம், வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புவது மாதிரி. ஆள் வந்ததும் "உக்காருங்க" என்று ஸ்டூலை எடுத்து அவர்களுக்கே போட்டுவிடுவோம். ஆள் இல்லாத நேரத்தில் கல்லாவில் முதலாளி இருப்பார். அவர் கண்ணெதிரே எப்படி? ஒருநாள் துணிந்து உட்கார்ந்தேன். அவர் தலை திரும்பியதும் துள்ளி எழுந்து, கைக்குட்டையால் ஸ்டூலைத் துடைத்தேன்.

"அப்படியே மத்ததையும் தொடைச்சுப்போடுங்க" என்றார். துடைத்தேன்.

பிறகொரு நாள் தொழிலாளர் துறை அதிகாரி ஆய்வுக்கு வந்தார். ஊழியர்களுக்கு இருக்கை உண்டா என்று அவர் கேட்டதுதான் தாமதம், ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றேன்.

"இது உங்களுக்குங்க."

"அட, இருக்கட்டுங்க. நீங்க நிக்கறதாவது."

பாவம், அவரும் இந்த ஊர்க்காரர்தான். மறுத்தால் நான் சங்கடப்படுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சுற்றிலும் கைகட்டி நின்றோம்.

"வேலை செய்யறவங்க உக்கார்றாங்களா?" என்று உட்கார்ந்தபடியே கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அக்காதான் பேசினார். "ஏனுங்க சார், நீங்க கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா நான் உக்காந்துக்குவனுங்க."

கடையே சிரித்துவிட்டது. அதிகாரி எழுந்தார். முதலாளி பார்க்கப் பார்க்க அக்கா உட்கார்ந்தார். முதலாளி செருமினார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "உக்காருங்க அம்மணி, அதுக்குத்தான வாங்கிப் போட்டது" என்றார் முதலாளி.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியம்மா பச்சை ரவிக்கைத் துணி கேட்டு வந்தார். அக்கா எழப் போனார்.

"உக்காந்துக்க கண்ணு. கைக்கு எட்டற தூரத்துலதான இருக்குது" என்றார் அந்த அம்மா.

அக்கா வேலையை விடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மற்றவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள். நானும்தான். ஆனால் முதலாளி கல்லாவை விட்டு எழுந்தால் இன்றைக்கும் என் கை கைக்குட்டையைத் தேடிப் போகிறது.

"தொடைச்சது போதும், உக்காருங்க தம்பி" என்பார் அக்கா, உட்கார்ந்தபடியே.