கேட்டுக் காட்டும் ரம்மி

மக்களே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் பாயில் இருந்து சீட்டு விளையாடினீர்கள். மூத்தவள் யாரிடமும் கேட்காமல் கையை விரித்துப் போட்டு "ஜெயிச்சாச்சு" என்று துள்ளினாள். நான் கோபப்பட்டேன். "வேற எந்த வீட்லயும் கேக்க மாட்டாவப்பா. நம்ம வீட்ல மட்டும் என்னத்துக்கு?" என்று அவள் கேட்டாள். கேள்வி நியாயமானது. எனக்கு வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஏழாம் வகுப்புவரை படித்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுப் போதும். ஜோக்கர் கிடையாது. மூன்று பேர், ஆளுக்கு ஒன்பது சீட்டு. மூன்று மூன்றாக மூன்று கூட்டுச் சேர்க்க வேண்டும். அதில் ஒரு கூட்டாவது ஒரே சாதியில் அடுத்தடுத்து வரும் வரிசையாக இருக்கவேண்டும். ஆடுதனில், அதாவது ஹார்ட்டினில், ஐந்து, ஆறு, ஏழு என்கிற மாதிரி. மற்றவை மூன்று ராஜா, மூன்று எட்டு என்று இருந்தாலும் சரிதான். உங்கள் முறை வந்தால் கட்டிலிருந்து ஒன்று எடுக்கலாம், அல்லது முந்தின ஆள் கழித்த சீட்டை எடுக்கலாம். எடுத்தபின் வேண்டாத ஒன்றைக் கழிக்கவேண்டும். தோற்றவர்கள் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போடவேண்டும். காசு வைத்து ஆடுகிற வழக்கம் நம் வீட்டில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இதுவரை எல்லா ஊரிலும் உள்ளதுதான். இனி உள்ளது நம் பக்கத்துச் சட்டம். கை சேர்ந்துவிட்டால் உடனே விரிக்கக்கூடாது. உங்களுக்கு அடுத்தபடி ஆடவேண்டிய ஆளைப் பார்த்து, "காட்டட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். அவர் "காட்டு" என்று சொன்னால் காட்டலாம். "பொறு" என்றும் அவர் சொல்லலாம். சொன்னால் அவருக்கு ஒரு சீட்டு எடுக்க உரிமை உண்டு. அதில் அவருக்கும் கை சேர்ந்துவிட்டால் வெற்றி இரண்டு பேருக்கும் பொது. கேட்காமல் காட்டினால் ஆட்டம் செல்லாது. என் அப்பாவின் சிநேகிதர், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பிய கூட்டுக்காரர் ஒருவர்தான் இந்த ஆட்டத்தை இரணியல் பக்கம் கொண்டுவந்தார். ஒருவன் தப்பாக விரித்துவிட்டு வாரிச் சுருட்டியதில் அடிபிடி ஆகி, அதன் பிறகு இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டார்களாம்.

இனி சொல்லப்போவது உங்கள் தாத்தா தொடையெலும்பு முறிந்து கிடந்த மழைக்காலத்தைப் பற்றி.

அப்போது நானும் உங்கள் பெரியப்பாவும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. காரணம் உங்களுக்குத் தெரியாது. இராஜாக்கமங்கலத்தில் ஒரு வீட்டில் எனக்குப் பெண் கேட்டு, அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் கேட்கவில்லை. நான் அருமனையில் உங்கள் அம்மாவைப் பார்த்து மனதில் முடிவு செய்திருந்தேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. நிச்சயம் செய்யப் போன அன்று, அந்த வீட்டு முற்றத்தில், பத்துப் பேர் நிற்க, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. ஒரே விளையில், ஒரே தோட்டத்துக்குள், இரண்டு வீடு, நடுவில் ஓலைவேலி. அந்த வேலியைத் தாண்டி அவர் என் வீட்டு முற்றத்தில் கால் வைத்ததில்லை.

ஆனால் நிலம் ஒன்று, மாடு ஒன்று. பேசாமல் எப்படிப் பயிர் செய்வது? அண்ணன் காளையிடம் பேசுவார். "வடக்கு வயலுல மடை பொட்டிக் கெடக்கு. ஆராவது போய் அடச்சா கொள்ளாம்" என்று காளையின் முதுகைத் தட்டிச் சொல்வார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவேன். திரும்பி வந்து நானும் காளையிடம், "அடச்சாச்சு" என்பேன். ஊரில் சிரித்தார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

அப்பா வரப்பில் வழுக்கி விழுந்தது ஆனி மாதம். வர்ம ஆசான் வந்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, நாற்பத்தொரு நாள் காலை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். இரண்டு வாரத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஒருநாள் காலையில் நான் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடும்போது, "நான் எழும்பமாட்டேண்டே. அதுக்குப் பேடியும் பயமும் இல்ல. நீங்க ரெண்டுவேரும் பேசிக் கேக்காம போறதுதான் பாரமா இருக்கு" என்றார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் மைனியை, உங்கள் பெரியம்மாவை, அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனால் அண்ணன் கட்டிலின் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். மெத்தைமேல் சீட்டுக்கட்டு.

"பொழுது போகல்ல. இரி. ஆடுவோம்" என்றார் அப்பா. அவர் கிடந்த கிடப்பில் முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு அடுத்து அண்ணன், அண்ணனுக்கு அடுத்து நான். அதாவது அண்ணனுக்குக் கை சேர்ந்தால் அவர் என்னிடம்தான் கேட்கவேண்டும். இது எனக்கு முதல் ஆட்டத்திலேயே உறைத்தது. அவராகவே முதலில் பேசட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் ஆடினோம். நான் ஜெயித்தேன், அப்பாவிடம் கேட்டுக் காட்டினேன். அப்பா ஜெயித்தார், அண்ணனிடம் கேட்டுக் காட்டினார். அண்ணன் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அவருக்குச் சீட்டு ராசி இல்லை என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் அப்பா கழித்த ஆடுதன் ஆறை அண்ணன் எடுத்தார். எடுத்தவர் கையிலிருந்த சீட்டுகளை மொத்தமாகச் சேர்த்துக் கவிழ்த்து மெத்தையில் வைத்தார். வாய் லேசாகத் திறந்தது. என்னைப் பார்த்தார். பிறகு சீட்டுகளைத் திரும்ப எடுத்து விரித்து, ஒன்றை உருவிக் கழித்தார். ஆடுதன் ஏழு. அடுத்த முறை அதே ஆறைக் கழித்தார். அதற்கடுத்த முறை ஆடுதன் ஐந்து வந்து விழுந்தது.

ஐந்து, ஆறு, ஏழு. சேர்ந்த வரிசையை ஒன்றொன்றாக உருவி என் முன்னால் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிடத் தோற்பது மேல் என்று மூன்று நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார் போலும். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருமினார்.

மறுநாள், "இண்ணைக்கு எதிர்ச் சுத்து" என்று சொல்லி வரிசையை மாற்றினார். இப்போது எனக்கு அடுத்த ஆள் அண்ணன். நான்தான் கேட்கவேண்டும்.

இரண்டாவது ஆட்டத்திலேயே எனக்குக் கை சேர்ந்தது. மூன்று ஒன்பது, மூன்று ராணி, இஸ்பேடில் இரண்டு மூன்று நாலு. அண்ணனைப் பற்றி முந்தின நாள் என்னென்னவோ நினைத்தவன், நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ராணியை உருவிக் கழித்தேன்.

கிடந்த இடத்திலிருந்து என் கை தெரிந்ததோ என்னவோ, அப்பா தன் கையிலிருந்த சீட்டுகளை மெத்தையில் போட்டுவிட்டார்.

"ரெண்டுவேரும் ஜெயிச்ச கைய ஒடைக்கியளேடே. எனக்க கண்ணுக்கு முன்னால இருந்து ஒடைக்கியளே. ஆருக்குலே இதுல ஜெயம்?"

அதற்கே மூச்சு வாங்கியது. மைனி வந்து தலையைத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அடுத்த நாள் அவருக்குச் சீட்டைப் பிடிக்கக் கை நிற்கவில்லை. ஆனாலும் வேண்டும் என்றார். மைனி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக விரித்துப் பிடித்தார். அவர் கண்ணால் காட்டியதை மைனி கழித்தார். வெளியே ஓலைமேல் மழை. எனக்குக் கை சேரவேண்டாம் என்று மனதுக்குள் கும்பிட்டேன். சேர்ந்தது.

சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணே, காட்டட்டுமா?"

அண்ணன் தன் கையிலிருந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"பொறு."

சட்டப்படி அவர் ஒரு சீட்டு எடுக்கவேண்டும். எடுக்கவில்லை.

"அந்த முற்றத்துல பத்துப் பேருக்க முன்னால வச்சு என்ன நாணங்கெடுத்துனியே. அதுக்கு முந்தி என்னத் தனியா விளிச்சு ஒரு வார்த்த சொல்லப் பிடாதாலே?"

"நீங்க வாக்குக் குடுக்க முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"நான் உனக்க அண்ணன்லே!"

"தாலி கெட்டப் போறது நான்லா!"

குரல் ஏறிவிட்டது. மைனி, "பைய பேசுங்கோ, மாமா கெடக்காவ" என்றார்.

"நீ சும்மா இரி பிள்ளே" என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே. "சண்ட போடட்டும். மூணு வருசமா மாட்டுக்கிட்டல்லா பேசுனானுவ."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ பாட்டுக்கு எறங்கிப் போயிட்ட. அந்தப் பெண்ணுக்க அப்பன் எனக்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாருலே. என்ன வேணும்னாலும் செய்யுதேன், தம்பிய விளிச்சுக் கொண்டு வாங்கோன்னு அழுதாரு. நான் என்னத்தச் சொல்ல? அந்தாளுக்க மொகம் இண்ணைக்கும் மறக்கல்ல."

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அண்ணனுக்கு ஊர் முன்னால் வந்த வெட்கம் மட்டும்தான் கோபம் என்று மூன்று வருடமும் நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பிறகு நல்ல இடம் அமைந்தது. அதனால் அந்த ஒரு நாள் இல்லையென்று ஆகிவிடாது.

"முற்றத்துல வச்சுச் சொன்னது தப்புத்தான்ணே" என்றேன். "கெட்டுனது தப்பில்ல."

"கெட்டுனது தப்புன்னு நான் எப்பம்லே சொன்னேன்?"

அந்த ஆட்டம் முடியவில்லை. மைனி சீட்டுகளை வாரிக் கட்டி வைத்தார். அப்பா தூங்கிப்போயிருந்தார்.

மறுநாள் காலை மழை விடாமல் பெய்தது. உங்கள் அம்மா அடுக்களையில் இருந்தாள். மூத்தவள் அவள் இடுப்பில். நான் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலியோரமாக வராமல், தெருவழியாகச் சுற்றி எங்கள் முன்வாசலில் வந்து நின்றார். தலையில் துவர்த்துத் துண்டு, கையில் ஒரு செம்பு. உங்கள் அம்மா அவரைக் கண்டதும் பயந்து என்னைத் தேடினாள்.

"பிள்ளே, அப்பாக்குக் கொஞ்சம் கஞ்சி வேணும்" என்றார்.

அவர் வீட்டில் கஞ்சி இல்லாமல் இல்லை. மைனி விடியற்காலையிலேயே வைத்துவிடுவார். உங்கள் அம்மாவுக்கும் அது தெரியும். ஒன்றும் கேட்காமல் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, கஞ்சியை மசித்து, துணியில் வடித்து, செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் தலைத் துவர்த்தை எடுத்துச் செம்பை மூடிக்கொண்டு, நனைந்தபடியே போனார். நானும் பின்னால் போனேன்.

அப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"இது ஆரு வச்ச கஞ்சி?"

"அவனுக்க வீட்டுல வச்சது" என்றார் அண்ணன்.

"உப்பு கொறவு" என்று சொல்லிவிட்டு அப்பா முழுவதையும் குடித்தார்.

அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் அப்பா போய்ச் சேர்ந்தார். அதுவரை கஞ்சி எங்கள் அடுக்களையிலிருந்துதான் போயிற்று. தினமும் வந்து வாங்கிக்கொண்டு போனது உங்கள் பெரியப்பா.