கதவின் கீழ்ப் பலகை

மகளின் அறைக் கதவைச் சாத்தினால் அதன் உள்பக்கத்தில் இரண்டு விதமான சாயம் தெரியும். மேலே முக்கால் கதவு கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். கீழ்ப் பலகையில் மட்டும் சீப்பால் வாரியதுபோல் பிரஷ் ஓடிய தடங்கள். இரண்டும் ஒரே டின்னில் எடுத்த வெள்ளைச் சாயம். அடித்தவரும் ஒருவர்தான், என் அண்ணன். மேலே அடித்ததற்கும் கீழே அடித்ததற்கும் நடுவில் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. மேல்பகுதியை அடித்தபோது அவருக்குப் பத்து விரல்கள் இருந்தன.

நாங்கள் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அண்ணன் அம்மாவோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போனார். பின்னர் தோட்டத்து மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது, ஈப்போவுக்கு வந்து தவுக்கே என்று எல்லோரும் அழைத்த ஒரு சீன முதலாளியிடம் சாயமடிக்கும் வேலையில் சேர்ந்தார். முதலில் பிரஷ்தான். சில ஆண்டுகள் கழித்துத் தவுக்கே ஒரு ஸ்ப்ரே மெஷின் வாங்கினார். வழக்கமான ஸ்ப்ரேபோல் அது காற்றைக் கலந்து ஊதாது. சாயத்தையே பலமாக அழுத்தி, ஊசிக்கண் அளவு துளை வழியே விசிறிபோலப் பீய்ச்சும். மற்றவர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். அண்ணன் கேட்டு வாங்கிப் பழகினார். கதவுக்கும் நிலைச் சட்டத்துக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று தவுக்கே மற்றவர்களிடம் சொல்லும் அளவுக்குக் கை தேர்ந்துவிட்டது. அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது.

எங்களுக்குத் தாமான் குடியிருப்பில் வீடு கிடைத்தபோது மகளுக்கு எட்டு மாதம். அவளுக்கு அடிக்கடி இழுப்பு வரும். அவள் தும்மினால் எனக்குத் தூக்கம் போய்விடும். இருமினால் கிளினிக், பால் குடிக்காவிட்டால் கிளினிக், அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தாலும் கிளினிக். பால் காய்ச்சிக் குடிபோக நாள் குறித்த பிறகு, புதுச் சாயத்தின் வாடை அவள் நெஞ்சுக்கு ஆகாதே என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. பிரஷ்ஷால் என்றால் வேலை முடிந்த மாலைகளில் வந்து வாரக் கணக்கில் அடிக்க வேண்டியிருக்கும் என்றார் அண்ணன். அப்படியானால் குடிபோகும் நாள்வரை வாடை இருக்குமே என்றேன். அவர் தவுக்கேயிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மெஷினைக் கொண்டுவருவதாகச் சொன்னார். ஒரே நாளில் முடித்து, சன்னலையெல்லாம் திறந்து போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. இன்றும் என் மனம் போய் நிற்கும் இடம் அதுதான். பிரஷ்ஷே போதும் என்று நான் சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சாப்பாடு எடுத்துப் போனேன். வீடு முழுக்கச் சுவரோரம் பழைய நாளிதழ்களை ஒட்டி மறைத்திருந்தார். சாயத்தைப் பெண்கள் அணியும் நைலான் காலுறையில் வடிகட்டி ஊற்றியிருந்தார். கழற்றிய கதவுகள் கூடத்தில் வரிசையாகச் சாய்ந்து நின்றன. நான் ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். மெஷினின் துப்பாக்கியைப் பிடித்த கை முதலில் நகரும், பிறகுதான் விசை அழுந்தும். கதவின் ஓரத்தைத் தாண்டியபின் விசை விடுபடும், அதற்குப் பிறகே கை நிற்கும். சாயம் எங்கும் வழியவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மிஞ்சியிருந்தது கடைசிக் கதவு, மகளின் அறைக்கானது. கீழ்ப் பலகைக்குக் குனியும் முன், துப்பாக்கியின் மூக்கில் ஒரு சொட்டுச் சாயம் திரண்டு நின்றது. அண்ணன் இடது ஆள்காட்டி விரலால் அதை வழித்தார். தோட்டத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கின் அடியில் தங்கும் பாலை இப்படித்தான் வழித்து வாளியில் விடுவார்; ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. அந்த விரலுக்கு அது பழகிய வேலை. அந்த நேரம் பார்த்து வலது கை விசையில் பட்டுவிட்டது.

'ச்சிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் கையை உதறினார். நான் ஓடிப்போய் விரலைப் பிடித்துப் பார்த்தேன். இரத்தம் இல்லை. நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துறலாம்ணே."

"எதுக்கு? எறும்பு கடிச்சதுக்கா?" என்று சிரித்தார். "பாப்பா தும்முனா கிளினிக்கு, விக்குனா கிளினிக்கு. இப்ப என் வெரலுக்குமா? டாக்டரு உன்னப் பாத்தாலே கதவச் சாத்திருவாருலா."

மெஷினைத் தூக்க உதவிக்கு வந்திருந்த என் கணவரும் சிரித்தார். அவர்கள் சிரித்ததும் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. நான் எதற்குத்தான் பயப்படவில்லை? எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, என் பயத்துக்கு வீட்டில் ஒரு மரியாதையும் இல்லாமல் போயிருந்தது. இதுவும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும் என்று நானும் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைப் பிரித்தேன். சாப்பிட்டபின் விரல் மரத்ததுபோல் இருக்கிறது என்று சொல்லி, அண்ணன் மெஷினைக் கழுவி எடுத்துவைத்துவிட்டார். கீழ்ப் பலகை அடிச்சாயத்தின் சாம்பல் நிறத்திலேயே நின்றது. "அது கெடக்கு. அடுத்த வாரம் பிரஷ் எடுத்துட்டு வாரேன்," என்றார்.

மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்த நாள் கை வீங்கி விரல் கறுத்தபோது, தவுக்கேதான் தன் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மெஷினின் அழுத்தத்தில் சாயம் தோலைத் துளைத்து விரலின் உள்ளே நெடுகப் பரவியிருந்ததாம். வெளியே புள்ளி, உள்ளே அத்தனையும் சாயம். பட்ட உடனே வந்திருந்தால் விரல் பிழைத்திருக்கக்கூடும் என்றார் டாக்டர். அவர் கடிந்து பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

குறித்த நாளை மாற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், அண்ணன் இல்லாமலே பால் காய்ச்சினோம். வாடை துளியும் இல்லை என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

தவுக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் மெஷின் இன்னொருவர் கைக்குப் போனது. அண்ணனுக்குச் சுவரில் நாளிதழ் ஒட்டும் வேலை. சில மாதங்களில் அதை விட்டுவிட்டு லூமுட்டுக்குப் போய், படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் சேர்ந்தார். "டிக்கெட்டு கிழிக்க ரெண்டு வெரலு போதும். மிச்சமெல்லாம் லாபம்லா," என்பார். அவர் சொல்லும்போது எல்லோரும் சிரிப்போம். நான் கடைசியாகச் சிரிப்பேன்.

தீபாவளிக்கு வரும்போதெல்லாம், பிரஷ் எடுத்துவர மறந்துவிட்டேன் என்பார். கணவர் அந்தச் சாம்பல் பலகையை அடித்துவிடுவதாகப் பலமுறை சொன்னார். நான் விடவில்லை. அடித்தால் அண்ணன் வருந்துவாரோ என்று ஒரு நாள் தோன்றும்; அடிக்காமல் வைத்திருப்பதுதான் அவரைக் குத்துமோ என்று மறுநாள் தோன்றும். மீதிச் சாயம் இருந்த டின்னும் அடுப்படிக்குப் பின்னால் அப்படியே கிடந்தது.

போன பள்ளி விடுமுறையில் அண்ணன் வந்திருந்தார். மகள் இப்போது பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கிறாள். வெளியே வெறுங்காலோடு விளையாடியவள் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். உள்ளங்காலில் ஒரு புள்ளி. இரத்தம் இல்லை. வலிக்கவில்லை என்றாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க இந்த ஆறு ஆண்டுகளில் பழகியிருந்தேன். என் முகத்தைப் பார்த்த கணவர், "ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை.

"மச்சான், மோட்டார எடுங்க," என்றார். "போய்க் காட்டிட்டு வரட்டும்."

கிளினிக்கில் ஒரு சின்ன முள்ளை எடுத்து மருந்து தடவி அனுப்பிவிட்டார்கள். வேறொன்றும் இல்லை. திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் சாய வாடை அடித்தது. அண்ணன் மகளின் அறையில், கதவின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பழைய டின். மேலே படிந்திருந்த தடித்த ஆடையை, மங்கில் உறைந்த பாலை எடுப்பதுபோல, முழுசாக எடுத்துத் தாளில் வைத்திருந்தார். முக்குக்கடையில் வாங்கிய பிரஷ் வலது கையில் இருந்தது. நாலு விரல் இடது கை கதவின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

"பிரஷ்ஷு மெதுவாத்தான் போகும்," என்றார் திரும்பாமல். "ஆனா கடிக்காது."

சாம்பல் முழுக்க மறைந்திருந்தது. சன்னல்களையெல்லாம் திறந்து, காற்றாடியையும் போட்டிருந்தார். வாடையைப் பற்றிச் சொல்வதற்காக நான் திரும்பியபோதுதான் பார்த்தேன்: மகளின் பாயும் தலையணையும் ஏற்கெனவே கூடத்துக்கு வந்திருந்தன.

"புள்ள இன்னிக்கு இங்க படுக்க வேணாம். நெஞ்சுக்கு ஆகாது," என்றார்.

அவர் லூமுட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். வாடையும் போய்விட்டது. இரவில் மகளைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் முன், அதன் உள்பக்கத்தில் என் கை மேலே வழவழப்பில் தொடங்கிக் கீழே அந்தத் தடங்களுக்கு வந்து நின்றுவிடுகிறது.