மூடியை இறுக்காத கால் மணி நேரம்

"ஈஸ்ட் வளர்க்கிறேன்" என்று வெளியாட்களிடம் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அப்படிச் சொன்னால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். நைனார்பாளையம் போகிற காலை பஸ்ஸில் ஒரு நாள் என் பை புளித்த மாவு வாடை அடித்துவிட்டது. கண்டக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னாமா, ஊறல் போட்டுக்கினு வர்றியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஊறல் சாராயத்துக்குப் போடுவது. நான் போடுவது துணிக்கு. ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு அதை யாருக்கு விளக்குவது? நானும் சிரித்துவைத்தேன்.

வேலை இதுதான். ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பேர். ஈரத்தோடு குவிந்து கிடக்கும். இரண்டு நாள் விட்டால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அந்தத் திப்பியைத் தண்ணீரில் வேகவைத்து, ஆறவைத்து, டேங்கில் ஒரு வகை ஈஸ்ட்டோடு கலந்து காற்று விட்டால், மூன்று நாளில் ஈஸ்ட் பெருகிவிடும். திப்பியில் ஒட்டியிருக்கும் மாவைத் தின்பதற்காக அது ஒரு என்சைமைக் கக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டிக் கேனில் அடைத்து ஈரோட்டுப் பக்கம் துணி மில்களுக்கு அனுப்புவோம். நெய்வதற்காக நூலில் ஏற்றிய கஞ்சியை அது கரைத்து எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் துணியில் சாயம் பிடிக்கும்.

நைனார்பாளையத்தில் அப்படி ஒரு மில்லுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இதை நடத்துகிறவர் எங்கள் முதலாளி. கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம். நான் சேர்ந்த அன்றே பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. டிகிரி வரைக்கும் என் ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "பத்தரமா இருக்கும்மா, இன்னா பயம்?" என்றார். நானும் ஏதோ மரியாதை செய்கிறார் என்கிற மாதிரி "சரிங்க சார்" என்று எடுத்து நீட்டினேன். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது, திப்பி அள்ளிக் கொட்டும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து, புருஷனோடு மில் குடியிருப்பில் இருக்கிறவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கொட்டகையில் என்னைத் தவிர வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

"உனக்கு முன்னாடி ஒரு ஆளு இருந்தாரு. செய்யறத எல்லாம் நோட்ல எழுதச் சொன்னாங்க. எழுதி முடிச்ச மறு வாரம் வேணாம்னு அனுப்பிட்டாங்க. பாத்து இரும்மா."

அந்த ஆள் எழுதிய நோட்டுதான் என் கைக்கு வந்தது. அதில் உள்ளபடி அட்சரம் பிசகாமல் செய்தேன். ஈஸ்ட் வளரவே இல்லை. இரண்டு பேட்ச் வீணாய்ப் போனது. முதலாளி என்னைப் பார்த்தால் செருமிக்கொண்டே போவார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் என் வாடகை ரூமில் கிழங்கு வேகவைத்தேன். கை தானாகப் பாத்திரத்தை மூடாமல் விட்டது. மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டில் அம்மா கிழங்குப் பானையை மூட விடமாட்டாள். மூடினால் கசப்பு உள்ளேயே நிற்கும், தின்றால் தலை சுற்றும் என்பாள். பச்சைக் கிழங்கில் ஒரு நஞ்சு உண்டு, அது ஆவியோடு போய்விடும் என்று நான் பாடத்திலும் படித்திருக்கிறேன். அடுப்பைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். கொட்டகையில் ஈரத் திப்பியைப் பெரிய குக்கரில் கொட்டி, எடுத்த எடுப்பில் மூடியை இறுக்கி வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நஞ்சையும் உள்ளேயே பூட்டி அதிலேயே ஈஸ்ட்டை விட்டால் அது எப்படி வளரும்?

மறுநாள் மூடியைச் சும்மா வைத்தேன். போல்ட்டுகளை இறுக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அக்காவையும் வெளியே வரச் சொல்லி, போன் பேசுவதுபோல் கால் மணி நேரம் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய் இறுக்கினேன். அந்தப் பேட்ச் பிரமாதமாக வந்தது. கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டால் நீலமாகும், நம் என்சைமை விட்டால் நீலம் மறையும். அன்று கண்ணை மூடித் திறப்பதற்குள் மறைந்தது.

நோட்டைத் திறந்தேன். பேனாவையும் எடுத்தேன். எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரம் நானும் வீட்டுக்குத்தான் என்கிற பயம். முன்னால் இருந்தவரும் இதே வரியைத்தான் எழுதாமல் போயிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. கெட்டிக்காரர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

முதல் வருஷம் பெருமையாகத்தான் இருந்தது. நான் இல்லாமல் கொட்டகை நடக்காது. அதற்குப் பிறகுதான் புரிந்தது, கொட்டகை இல்லாமல் நானும் நடக்க முடியாது என்று. திங்கட்கிழமை வேகவைக்கும் நாள், வேறு யாரும் மூடியைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை தாய்க் கல்ச்சரை, அதாவது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் விதையாக எடுக்கிற ஈஸ்ட்டை, புதுக் கண்ணாடிக் குழாய்க்கு மாற்றும் நாள். அதுவும் என் ரூம் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தம்பி கல்யாணம் திங்கட்கிழமை வந்தது. தாலி கட்டியதும் பட்டுப்புடவையோடு பஸ் ஏறிவிட்டேன். பந்தியில் என்னைத் தேடியிருக்கிறார்கள். இன்றுவரைக்கும் தம்பி பெண்டாட்டி அதைச் சொல்லிக் காட்டுவாள். காய்ச்சல் வந்தாலும் செவ்வாய்க்கிழமைதான் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி நான்கு வருஷம் ஓடியது.

அந்த நான்காம் வருஷக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அரசு ஆய்வக வேலைக்கு எழுதிய பரீட்சையில் பாஸாகியிருந்தேன். அன்றிலிருந்து மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் வரக்கூடாது, வேறு நாள் தரமுடியாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த முறை கூப்பிடும்போது எனக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். இதை விட்டால் இல்லை.

முதலாளி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கோபப்படவில்லை. "நல்ல சேதிதாம்மா. ஆனா நீ போய்ட்டா என் கதி? என் மச்சானக் கூட்டியாறேன். அவன் ஒரு பேட்ச் ஒழுங்கா எடுக்கட்டும், அன்னிக்கே உன் சர்ட்டிபிகேட் ஃபைல எடுத்துக்கினு போ. நான் சொன்ன சொல் மாறமாட்டேன்" என்றார்.

மச்சான் ஐம்பதை நெருங்கிய மனிதர், ரொம்ப நல்லவர். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். திப்பியைக் கொட்டினார். மூடியை வைத்தார். எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். "சரியாங்க மேடம்?" என்று வேறு கேட்டார். "சரிதாங்க" என்றேன். சொன்ன வாய் இன்றைக்கும் கசக்கிறது.

வியாழக்கிழமை அயோடின் விட்டோம். நீலம் நீலமாகவே இருந்தது. எப்படியும் அடுத்த வாரம் தானாக வந்துவிடும், சில நாள் கிழங்கில் கசப்பு கம்மியாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த வாரமும் வரவில்லை. சரக்கு எங்கே என்று துணி மில்லிலிருந்து போன் வந்தது. முதலாளிக்கு முகமே செத்துவிட்டது. இப்போது சொன்னால் நான்கு வருஷப் பொய்யோடு இரண்டு பேட்ச் பழியும் சேர்ந்து வரும். சொல்லாமல் இருந்தால் பீரோ திறக்காது. கேட்டைப் பூட்டிய வீட்டில் நாய் சுற்றுவதுபோல் இரண்டு நாள் ரூமுக்குள் சுற்றினேன்.

மூன்றாவது திங்கட்கிழமை முதலாளியே குக்கர் பக்கத்தில் வந்து நின்றார். மச்சான் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

"இறுக்காதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கிழங்கு முதல்.

திப்பிக் கூடையோடு நின்றிருந்த அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "ஆமாங்க. கெழங்கு வேவும்போது யாரனா மூடுவாங்களா?"

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"அந்தம்மா வாசல்ல நிக்கிறதப் பாத்துக்கினுதானங்க இருக்கறேன். மலையில எங்க வூட்ல நாலு வயசுப் புள்ளைக்கும் தெரியுங்க."

"அப்புறம் இன்னாத்துக்குச் சொல்லல?"

"அது அந்தம்மா பொழப்புங்க. நான் எப்டி சொல்றது?"

முதலாளி நோட்டை வாங்கி, அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதினார். நான் பீரோவைப் பார்த்தேன். "சார், வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் சென்னையில இருக்கணுங்க."

"பேட்ச் முடியட்டும்மா." குரலை உயர்த்தவில்லை. "நாலு வருஷம் மறைச்சவ இன்னிக்கு நெஜத்தச் சொல்றேன்னு நான் எப்டி நம்பறது? நீயே சொல்லு."

மூடியை வைத்து வெளியே வந்து நின்றதும், கால் மணி கழித்துப் போல்ட்டை இறுக்கியதும் அக்காதான். முதலாளி அவளைத்தான் செய்யச் சொன்னார். மூன்று நாளும் டேங்கின் சின்னக் கண்ணாடி வழியாக நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சீக்கிரம் வளரேன் என்று ஈஸ்ட்டிடம் வாய்விட்டே கெஞ்சினேன். அது தன் மூன்று நாளைத்தான் எடுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அயோடின் விட்டேன். நீலம் மறைந்தது. மச்சான் கைதட்டிவிட்டார். முதலாளி பீரோவைத் திறந்து ஃபைலைத் தூசி தட்டிக் கொடுத்தார். "எடுத்துக்கோம்மா. இருந்தாலும் சரி, போனாலும் சரி, உன் இஷ்டம்." சென்னையில் என் பேரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

அக்கா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆத்திரமோ, நேரே அவளிடம் போனேன். "தெரிஞ்சவ மொத வாரமே சொல்லியிருக்கலாம் இல்ல அக்கா?"

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். "நீ அந்த மனுசன் இறுக்கறத எதுர்ல நின்னு பாத்துக்கினு இருந்த. ஒரு வார்த்தை சொல்லல. உனக்குப் போவ இஷ்டம் இல்லைன்னு நெனச்சேம்மா. சந்தோசமாக்கூட இருந்துச்சி."

குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாய்க் கல்ச்சரை மாற்ற வேண்டிய நாள். ஃபைலை ரூமில் வைத்துவிட்டு வர மனசு வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் அதைப் பார்த்தார். "இன்னாமா, இன்டர்வியூவா?"

"இல்லீங்க, வேலைக்குத்தான்" என்று சொல்லி நைனார்பாளையத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.